எசுப்பானியம்: சொல் விளக்கம்

'ஸ்பானிஷ்' ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்த பெயர். அம்மொழிக்காரர்கள் சொல்வது 'எஸ்பஞோல்'. அழுத்தம் கடைசி அசையில் விழும்.

வேர், ஐபீரியத் தீபகற்பத்துக்கு ரோமர் வழங்கிய 'ஹிஸ்பானியா'. காலப்போக்கில் முதலில் இருந்த ஹகரம் ஒலியிழந்தது, இகரம் எகரமானது, 'னியா' இறுகி 'ஞா' ஆனது: எஸ்பாஞா, அதாவது ஸ்பெயின் நாடு. மொழிப்பெயரின் '-ஓல்' ஈறுதான் இடிக்கிறது. லத்தீன் '-ஒலுஸ்' இம்மொழியில் '-உவேலோ' என்றே திரியும். அப்படித் திரியாததால், பெயரே தென் பிரான்சின் ஒக்சித்தான் மொழியிலிருந்து வந்த கடன் என்பது பலரும் ஏற்கும் கருத்து. தன் பெயரையே அண்டை வீட்டில் வாங்கிய மொழி!

'காஸ்தெயானோ' என்ற பெயரும் உண்டு. காஸ்தீயா என்ற பகுதியின் மொழி என்று பொருள். அப்பகுதியின் பெயர் 'கோட்டைகள்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கத்தலான், கலீசியம், பாஸ்க் ஆகியவையும் ஸ்பெயின் நாட்டு மொழிகளே என்பதால், அந்நாட்டின் 1978 அரசமைப்புச் சட்டம் இப்பெயரையே ஆள்கிறது. 1713இல் தொடங்கிய மொழிக்கான அரச கழகமோ தன் அகராதித் தலைப்பில் இருந்த 'காஸ்தெயானா'வை 1925 பதிப்பில் 'எஸ்பஞோலா' என மாற்றிக்கொண்டது.

இம்மொழியின் அடையாள எழுத்து, 'n' எழுத்தின் மேல் நெளிகோடு இட்ட 'ñ'. லத்தீனில் இரட்டித்த 'n'களில் ஒன்றை ஏட்டெழுத்தர் மற்றதன் தலையில் ஏற்றிச் சுருக்கியதன் எச்சம் அது. 'அன்னுஸ்' இப்படித்தான் 'ஆஞோ' (ஆண்டு) ஆயிற்று. நெளிகோட்டை விட்டால் 'ஆனோ', அதாவது மலவாய். வயதை எழுதும்போது கவனம் தேவை. நம் ஞகரம் இவ்வொலிக்கு அப்படியே பொருந்தும். 'எஸ்பனியோல்' என்று எழுதுவது ஓரொலியை இரண்டாக உடைப்பதாகும்.

'எசுப்பானியம்' என்பதன் முன்னுள்ள எகரத்தைத் தனித்தமிழ் அடம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். எசுப்பானியத்திலும் 'ஸ்' என்னும் மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல்லைத் தொடங்காது: லத்தீன் 'ஸ்கோலா' அங்கே 'எஸ்குவேலா'. நம் ஊர் 'இஸ்கூல்' செய்வதும் அதுவே. முன்னிருந்த உயிரெழுத்தைத் தொலைத்தது ஆங்கிலம்தான்.

நாடு எசுப்பானியா, மக்கள் எசுப்பானியர், மொழி எசுப்பானியம். செய்தித்தாள் நடைக்கு 'ஸ்பானிய மொழி' போதும். மெக்சிகோ, பெரு நாட்டவரை 'எசுப்பானியர்' என்று மொழிபெயர்ப்பது பிழை; அவர்கள் எசுப்பானியம் பேசுவோர்.