அக்கெட்டன்: பஞ்சு மெய்ப்பை

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நைட்டின் உருவத்தில் முதலில் கண்ணில் படுவது இரும்பு. அந்த இரும்பைத் தாங்குவது துணி. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையக் கவசத்துக்கு உள்ளே அணிந்த, பஞ்சோ நார்க்கழிவோ வைத்து மேலிருந்து கீழாக வரிவரியாகத் தைத்த சட்டையின் பெயர்தான் அக்கெட்டன். பின்னாளில் அது ஆக்டன் என்று சுருங்கிற்று.

அரபு மொழியில் ‘குத்ன்’ என்றால் பருத்தி. முன்னால் ‘அல்’ ஒட்டி, ஸ்பெயின் வழியாகப் பழைய பிரெஞ்சுக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போன சொல் இது. நாம் தினமும் சொல்லும் ‘காட்டன்’ இதன் உடன்பிறப்பு. இதேபோன்ற பஞ்சுச் சட்டைக்கு வழங்கிய இன்னொரு பெயரான காம்பெசனின் வேர் வேறு: ‘வயிறு’ என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லான ‘வம்பா’. 1181-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி இட்ட ஆணைப்படி நகரத்தாரும் மற்றச் சுதந்திர மக்களும் காம்பெசன், இரும்புத் தொப்பி, ஈட்டி மூன்றும் வைத்திருக்க வேண்டும். உள்ளே போடுவது அக்கெட்டன், தனியாகவோ மேலேயோ போடுவது காம்பெசன் என்று இன்று பிரிப்பது நம் வசதிக்காகவே. பழைய ஆவணங்கள் அவ்வளவு கறாராகப் பிரிப்பதில்லை.

தமிழில் இதை ‘உள்கவசம்’ என்பது சரியல்ல. இது தையற்காரர் உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கும் உடை. இதற்கு நம்மிடம் அருமையான பழஞ்சொல் உண்டு: மெய்ப்பை. முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் அணிந்திருப்பது அதுதான். மெய்யை இடும் பை. பஞ்சு அடைத்த சட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தேட வேண்டியதில்லை. பஞ்சு மெய்ப்பை என்றே சொல்லலாம்.

இன்று இதைக் கவசம் என்று நினைத்துத் தைப்பவர்கள் எங்கும் ஒரே கனத்தில் பஞ்சை அடைத்துவிடுகிறார்கள். பிறகு முழங்கை மடங்காது, கை மார்போடு சேராது. தோளிலும் மார்பிலும் கனம் வேண்டும்; அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் மெல்லிசாக விட வேண்டும். லினன் துணியை முதலில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். 2 அல்லது 3 செ.மீ. இடைவெளியில் வரித்தையல் போட்டால் அகலம் கணிசமாகக் குறையும். ஆகவே ஒரு சாண் துண்டில் தைத்துப் பார்த்து, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்துகொண்டு துணியை வெட்டுவது நல்லது. கைக்குழி சிறிதாக, அக்குளை ஒட்டி உயரத்தில் இருக்க வேண்டும். தாழ இறக்கி வெட்டினால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும், அதன்மேல் கிடக்கும் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட வளையக் கவசமும் சேர்ந்து எழும்பும். பாலியெஸ்டர் பஞ்சு வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது.

சட்டையின் நீளத்துக்கு இங்கிலாந்தில் சர்ரேயின் ஸ்டோக் டாபர்னன் தேவாலயத்தைப் பாருங்கள். அங்கே இளைய சர் ஜான் டாபர்னன் என்ற நைட்டின் உருவம் செதுக்கிய கல்லறைப் பித்தளைத் தகட்டில், வளையக் கவசத்தின் ஓரத்துக்குக் கீழே, முழங்காலுக்குச் சற்று மேலே, மெய்ப்பையின் நெடுக்குத் தையல் வரிகள் எட்டிப் பார்க்கின்றன.