போலந்தியர்: சொல்லும் பொருளும்

போலந்து நாட்டின் பெரும்பான்மை மக்களைக் குறிக்கத் தமிழில் போலந்தியர், போலியர், போலந்துக்காரர், போலிஷ் மக்கள் எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. சிலாவிய மொழிக் குடும்பத்தின் மேற்குக் கிளையைச் சேர்ந்த மொழி பேசும் அம்மக்கள் தம்மைப் ‘பொலாத்ஸி’ என்றும் தம் நாட்டைப் ‘பொல்ஸ்கா’ என்றும் அழைக்கின்றனர்.

இப்பெயர்கள், வார்த்தா ஆற்றுப் படுகையில் க்னியெஸ்னோ நகரைச் சூழ்ந்து வாழ்ந்த ‘பொலானியே’ என்னும் குடியின் பெயரோடு தொடர்புடையவை. சிலாவிய மொழிகளில் ‘பொலே’ என்றால் வயல், திறந்த வெளி என்று பொருள். ஆகவே பொலானியே என்பதற்கு வயல்வெளி மக்கள் என்று பொருள் கொள்வர். 966-ஆம் ஆண்டில் கிறித்தவம் தழுவிய முதலாம் மியெஷ்கோவின் அரசு இந்நிலத்தில் எழுந்தது; இலத்தீனில் அது ‘பொலோனியா’ ஆயிற்று.

அண்டை மக்கள் சிலர் வேறொரு வேரிலிருந்து இவர்களை அழைக்கின்றனர். அங்கேரியர் ‘லெங்யெல்’ என்பர், லித்துவேனியர் ‘லென்காஸ்’ என்பர், உதுமானியத் துருக்கியர் நாட்டையே ‘லெஹிஸ்தான்’ என்றனர். காடு திருத்திப் பயிரிட்ட நிலத்தைச் சுட்டும் பழஞ்சொல்லே இவற்றின் அடி என்பர். ஒரு பெயர் கழனியிலிருந்தும் மற்றொன்று புனத்திலிருந்தும் பிறந்திருப்பது, இம்மக்களை உழவு நிலமே அடையாளம் காட்டியது என்பதை அழகாக உணர்த்துகிறது.

பொருளோ ஒரே நிலையில் நிற்கவில்லை. 1569-இல் லித்துவேனியாவுடன் இணைந்த பெருங்கூட்டரசில், ‘போலந்து நாட்டினம்’ என்பது முதன்மையாக அரசியல் உரிமை பெற்ற உயர்குடியினரையே குறித்தது. அவர்களுள் வேறு மொழி பேசியோரும் இருந்தனர். 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகியவை அந்நாட்டைப் பங்கிட்டு விழுங்கிய பின், 1918 வரை 123 ஆண்டுகள் அரசு இல்லாத அப்பெயரை மொழியும் கத்தோலிக்க சமயமும் நினைவுமே சுமந்தன. உழவரும் அப்பெயருக்கு உரியவரானது அரசு இல்லாத அந்தக் காலத்தில்தான். பாரிசில் வாழ்ந்த இசையமைப்பாளர் ஷொப்பென் தம் நாட்டு நடனமாகிய பொலொனேசைப் பியானோவில் ஏற்றினார். வார்சாவில் பிறந்த அறிவியலாளர் மரியா ஸ்க்வொதோவ்ஸ்கா கியூரி (மேரி கியூரி), கணவருடன் 1898-இல் கண்டறிந்த தனிமத்துக்குப் பொலோனியம் எனப் பெயரிட்டார். வரைபடத்தில் இல்லாத நாட்டின் பெயர் தனிம அட்டவணையில் இடம்பெற்றதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சம் நெகிழ்கிறது.

இனி, தமிழ் வடிவம். ‘போலியர்’ என்னும் ஆக்கம் எளிது; ஆயினும் ‘போலி’ என்றால் நமக்குப் பொய்யானது என்பதே முதலில் தோன்றுவதால், ஓர் இனத்தின் பெயராக அதை ஆள்வது தகாது. ‘போலிய மொழி’ என்பதற்கும் இக்குறை உண்டு. ‘போலிஷ்’ ஆங்கில வடிவம். ‘போலந்து’ என்பதன் ஈற்றில் நிலத்தைக் குறிக்கும் அயற்சொல் மறைந்திருப்பினும், அயர்லாந்தியர், பின்லாந்தியர் என்பவற்றைப் போலப் போலந்தியர் என்பதும் தமிழ் காதுக்கு இயல்பாகவே ஒலிக்கிறது. எனவே மக்களைப் ‘போலந்தியர்’ என்றும், மொழியைப் ‘போலந்து மொழி’ என்றும், அவர்கள் இன்று ‘பொலோனியா’ எனச் சுட்டும் அயலகச் சமூகத்தைப் ‘புலம்பெயர் போலந்தியர்’ என்றும் எழுதலாம்.