ஒரே கேபிளில் மூன்று பாதைகள்

"டைபோல் ஆன்டெனாவைக் கோஆக்சியல் கேபிளில் நேராக இணைத்தாலும் வேலை செய்கிறதே, அப்புறம் நடுவில் பாலன் எதற்கு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாலன் என்பது ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்தில் வைக்கும் சிறிய இணைப்புச் சாதனம்.

டைபோலின் இரண்டு கம்பிக் கைகளும் ஒரே மாதிரி. ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். இது சமநிலை ஆன்டெனா. பழைய டிவிக்களுக்கு வந்த 300 ஓம் தட்டை வயரும் அப்படித்தான். கோஆக்சியல் வேறு ரகம், சமநிலையற்றது: நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் செம்புப் பின்னல்.

பார்வைக்கு இரண்டு கடத்திகள்தான். ஆனால் ரேடியோ அலைக்கு மூன்று! அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 14 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது இறங்கும் ஆழம் ஏறக்குறைய 0.018 மி.மீ. மட்டுமே. பின்னல் அதைவிடத் தடிமன். ஆகவே பின்னலின் உள்பக்கம் ஒரு கடத்தி, வெளிப்பக்கம் இன்னொரு கடத்தி; ஒன்றில் ஓடுவது மற்றதற்குத் தெரியாது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கேபிளுக்குள் இருக்கும்வரை சிக்கலில்லை. நடுக்கம்பியில் எவ்வளவோ, பின்னலின் உள்பக்கத்தில் அதே அளவு எதிர்த்திசையில் ஓடும். கேபிள் முடியும் இடத்தில்தான் வழி பிரிகிறது. உள்பக்க மின்னோட்டத்துக்கு அங்கே டைபோலின் கை ஒரு வழி. பின்னலின் விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கமாகக் கீழே இறங்குவது இன்னொரு வழி. எவ்வளவு இறங்கும் என்பது கேபிளின் நீளத்தையும் அது தரையோடு இணைந்திருக்கும் விதத்தையும் பொறுத்தது. சில நீளங்களில் மிகக் குறைவு. வாசகருக்குப் பாலன் இல்லாமலே ஒப்பேறியதற்கு இது காரணமாக இருக்கலாம்.

அதிகம் இறங்கினால் கேபிளே ஆன்டெனாவின் மூன்றாவது கை ஆகிவிடும். வீட்டிலுள்ள சார்ஜர், எல்.இ.டி. விளக்குகளின் இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். கேபிளைக் கையால் பிடித்தால் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் (ஆன்டெனாவிலிருந்து ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) முள் நகர்கிறதா? வெளிப்பக்கத்தில் மின்னோட்டம் இருக்கிறது என்று அர்த்தம். 'இத்தனை அடியில் வெட்டினால் சிக்னல் ஏறும்' என்று சிலர் ராசி எண் போலச் சொல்வதன் பின்னணியில் இருப்பதும் பெரும்பாலும் இதே மின்னோட்டம்தான். அதை நிறுத்தாமல் கேபிளை வெட்டிக்கொண்டே இருப்பது வீண் வேலை.

நிறுத்தும் வழி அழகானது. கேபிளை ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள, பீங்கான் போன்ற பொருள்) வளையத்தில் சில சுற்று சுற்ற வேண்டும். இதுவே ஒரு பாலன். உள்ளே ஓடும் இரு மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஃபெரைட் அவற்றைத் தொடாது. வெளிப்பக்க மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும். கேபிள் போன்ற இரட்டைக் கடத்தித் தடங்களைச் சுருளாக்கும் இந்த உத்தியை 1944-இல் சுவிஸ் பொறியாளர் குஸ்தாவ் குவானெல்லா விவரித்தார். வளையத்தை ஆன்டெனாவின் நடுப்புள்ளியிலேயே மாட்டுங்கள். ரேடியோவுக்குப் பக்கத்தில் மட்டும் மாட்டினால், மேலிருந்து வரும் கேபிள் முழுவதும் அதற்கு முன்பே கதிர்வீசி முடித்திருக்கும்.