நடை வேகத்திலும் அணையாத எஞ்சின்: புல்டாகோ ஷெர்பா டி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு வேகத்தில்தான் உயிர் வரும். ஆர்எக்ஸ் 100-ஐ நாலாவது கியரில் மெதுவாக உருட்டினால் திணறுகிறது. பாறைமேல் ஆமை வேகத்தில் ஏறும் டிரையல்ஸ் வண்டிகளில் மட்டும் டூ ஸ்ட்ரோக் எப்படி எடுபடுகிறது?"

டிரையல்ஸ் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறையும் ஓடையும் சேறுமாக இருக்கும் குறுகிய பாதையைத் தரையில் கால் படாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி அபராதம், இருமுறை ஊன்றினால் 2, அதற்குமேல் எத்தனை முறை ஆனாலும் 3. விழுந்தாலோ பாதையை விட்டு விலகினாலோ 5. கடைசியில் குறைந்த புள்ளி உள்ளவருக்கே வெற்றி.

1950-களில் இந்த விளையாட்டு பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் கோட்டையாக இருந்தது. இதில் உச்சமான போட்டி ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல். ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் அதை வென்றது ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ல். 1955 முதல் சென்னையில் உருவான அதே புல்லட் குடும்பம்தான். அடுத்து பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த சாமி மில்லர் 500 சிசி ஏரியலில் 1962-லும் 1964-லும் வென்றார். கனமான ஃப்ளைவீல் (எஞ்சின் சுழற்சியைத் தொடர வைக்கும் சக்கரம்), நிதானமான அடி, நடை வேகத்திலும் அணையாத எஞ்சின் என்று இருந்த வண்டி அது.

1964 இறுதியில் மில்லர் அதை விட்டுவிட்டு பார்சிலோனாவின் புல்டாகோ நிறுவனத்தில் சேர்ந்தார். மாண்டேசா என்ற ஸ்பானிய மோட்டார் சைக்கிள் நிறுவனத்திலிருந்து பிரிந்துவந்த பிரான்சிஸ்கோ புல்டோ 1958-ல் தொடங்கிய நிறுவனம். மில்லர் ஸ்பெயினுக்குப் போய் இரண்டு வாரத்துக்குள், தொழிற்சாலை ஆட்களோடு உட்கார்ந்து ஒரு புது வண்டியை உருவாக்கினார். அதுதான் ஷெர்பா டி. சிலிண்டர் துளை 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 60 மி.மீ., கொள்ளளவு 244 சிசி, எடை 90 கிலோவை ஒட்டி. 1965-ல் அதே வண்டியில் ஸ்காட்டிஷ் போட்டியை வென்றார். டூ ஸ்ட்ரோக் வண்டியோ பிரிட்டனுக்கு வெளியே செய்த வண்டியோ அதுவரை அங்கே வென்றதில்லை.

எடை குறைந்தது மட்டுமே காரணம் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். உண்மையான வித்தை சிலிண்டர் சுவரில் வெட்டிய ஓட்டைகளில், அதாவது போர்ட்களில், இருக்கிறது.

டூ ஸ்ட்ரோக் வேலை செய்யும் விதம் பள்ளியில் படித்ததுதான். பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழே உள்ள அறையான கிராங்க் கேஸில் வெற்றிடம் உருவாகிறது, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே வருகிறது. கீழே இறங்கும்போது சைக்கிள் பம்ப் போல அதே கலவையை அழுத்தி, டிரான்ஸ்பர் போர்ட் வழியாக மேலே தள்ளுகிறது. ஷெர்பாவில் வால்வு எதுவும் கிடையாது. கலவை நுழையும் இன்லெட் போர்ட்டைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் அடிச்சுவரான பாவாடைப் பகுதிதான். நம் ஊர் ராஜ்தூத் 175, எஸ்டி எல்லாம் இதே வகை.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றுவதை 360 டிகிரி என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்குப் போகும்முன் 70 டிகிரியில் போர்ட் திறந்தால், உச்சியைத் தாண்டி அதே 70 டிகிரியில்தான் மூடும். வேறு வழியே இல்லை. ஆக, உச்சியைத் தாண்டிப் பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் போர்ட் திறந்தே இருக்கும். நிமிடத்துக்கு 8,000 சுற்றில் இந்த 140 டிகிரி வெறும் 2.9 மில்லிசெகண்ட். உள்ளே பாய்ந்து வரும் கலவையின் வேகமே பின்வாங்கலைத் தடுத்துவிடும். 1,000 சுற்றில் அதே 140 டிகிரிக்கு 23 மில்லிசெகண்ட் ஆகிறது. பாய்ச்சலில் வேகமில்லை, நேரமோ நிறைய. இறங்கும் பிஸ்டன் கலவையைக் கார்புரேட்டருக்கே திருப்பித் துப்பிவிடும். பந்தய எஞ்சின் மெதுவாக ஓடும்போது கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் புகை மூட்டமாக நிற்பது இதனால்தான்.

டிரையல்ஸ் எஞ்சினில் இன்லெட் போர்ட் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும்படி உயரத்தைக் குறைத்து வெட்டுகிறார்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பையும் தாழ்த்துகிறார்கள். எரிந்த வாயு பிஸ்டனை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டே வெளியேறும். உச்ச வேகத்தில் குதிரைத்திறன் போய்விடும். ஏறுவதற்கு அது தேவையே இல்லை. சிலிண்டரில் சில மில்லிமீட்டரை மாற்றினால் பந்தயக் குதிரை மலையேறும் கழுதையாகிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் அலுக்காத அதிசயம்.

அடுத்தது அடிகளின் இடைவெளி. 1,000 சுற்றில் ஃபோர் ஸ்ட்ரோக் 120 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை டயரை உதைக்கிறது, டூ ஸ்ட்ரோக் 60-க்கு ஒரு முறை. ஈரப்பாறையில் சின்னச் சின்ன உதைகள் டயரை வழுக்கவிடாது. கணக்கு அப்படிச் சொன்னாலும், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது பழைய புகை முழுதாக வெளியேறாமல் சிலிண்டரில் தங்கிவிடும், ஒன்றிரண்டு சுற்று எரியாமலே போகும். ஐடிலில் எஸ்டி தாளம் தப்பித் தப்பி அடிப்பதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். அந்த வெற்றுச் சுற்றுகளைக் கடத்திவிடத்தான் ஃப்ளைவீல்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃப்ளைவீலில் 2 கிலோ இரும்பு வளையம், ஆரம் 6 செ.மீ. 3,000 சுற்றில் அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 355 ஜூல். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 165 கிலோ என்றால், இழப்புகளைக் கழிக்காமல் பார்த்தால், அந்த ஆற்றல் மட்டுமே அவர்களை 22 செ.மீ. உயரம் தூக்கிவிடும். எஞ்சின் ஒரு அடிகூட அடிக்க வேண்டியதில்லை! 1,500 சுற்றுக்கு இறங்கினால் ஆற்றல் நாலில் ஒரு பங்காகி, உயரம் ஐந்தரை செ.மீ. ஆகிவிடும். பாறைக்கு முன்னால் ஓட்டுநர் கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுச் சட்டென்று விடுவது இந்த ஆற்றலைச் சேமித்துச் செலவழிக்கத்தான்.

போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1968-ல் மாண்டேசா கோட்டா 247 வந்தது. ஸ்பெயினின் ஓசா வண்டியில் மிக் ஆண்ட்ரூஸ் 1970 முதல் 1972 வரை மூன்று ஆண்டும் ஸ்காட்டிஷ் போட்டியை வென்றார். பிறகு யமஹாவுக்குப் போனார். அங்கிருந்து வந்த டிஒய் 250-ல் ரீட் வால்வு இருந்தது. கலவையை உள்ளே விட்டு, திரும்பும்போது தானே மூடிக்கொள்ளும் மெல்லிய தகடு. மேலே சொன்ன பின்வாங்கல் சிக்கலுக்கு நேரான தீர்வு இது. ஆர்எக்ஸ் 100-லும் இதே ஏற்பாடுதான். புல்டாகோ பிஸ்டன் போர்ட்டை விடாமல், துளையை 83.2 மி.மீ. ஆக்கி 326 சிசிக்குப் போனது. 1975-ல் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது மார்ட்டின் லாம்ப்கின், அடுத்த மூன்று ஆண்டும் பின்லாந்தின் வெஸ்டெரினென், 1979-ல் அமெரிக்காவின் பெர்னி ஷ்ரைபர் என ஐந்து பட்டமும் புல்டாகோவுக்கே. 1980-களின் தொடக்கத்தில் நிறுவனமே நின்றுபோனது. 2007 முதல் ஆண்டுதோறும் பட்டங்களைக் குவித்த டோனி போவின் மாண்டேசா ஃபோர் ஸ்ட்ரோக். மற்றபடி அணிகள் பலவும் டூ ஸ்ட்ரோக்கை விடவில்லை.

எரியாத கலவை எக்ஸாஸ்ட் வழியாக நழுவுவது டூ ஸ்ட்ரோக்கின் உண்மையான குற்றம்; சாலையிலிருந்து அதை விலக்கியது சரிதான். அதற்காகப் பொறியியல் கல்லூரிகளில் கிடந்த பழைய எஞ்சின்களைக் காயலான் கடைக்குப் போடுவது வீண் வேலை. வாயு ஓட்டத்தைக் கையால் தொட்டுப் படிக்க இதைவிட மலிவான பாடம் கிடையாது.

பழைய பிஸ்டன் போர்ட் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு மூடநம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: பெட்ரோலில் கலக்கும் ஆயிலை அதிகமாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை மாறவில்லை. அதன் வழியே ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் குறையும், கலவை மெலியும், சூடு ஏறும். பிளக்கிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் கரி அடைக்கும். அந்தக் காலத்து ஆயிலுக்கு 20-க்கு 1 தேவைப்பட்டது. இன்றைய நல்ல சிந்தெட்டிக் ஆயிலுக்கு 40-க்கு 1 போதும், அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 125 மி.லி. விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் சரிபார்க்க வேண்டும்.

ரிங் மாட்டும்போது பிஸ்டன் காடியில் இருக்கும் சிறு ஊசியைக் கவனியுங்கள். ரிங்கின் இரு முனையும் அதன் இரு பக்கமும் உட்கார வேண்டும். தவறினால் ரிங் முனை போர்ட்டில் மாட்டி உடையும், சிலிண்டரும் கீறும்.

ஐடில் தானாக ஏறி, ஆக்ஸிலரேட்டரை மூடியும் இறங்காவிட்டால் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். பெரும்பாலும் மேக்னெட்டோ (பிளக்குக்கு மின்சாரம் தரும் பகுதி) பக்க ஆயில் சீல் காற்றை இழுக்கிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அடர்ந்த புகை வந்து, கிளட்ச் பக்க ஆயில் அளவும் குறைந்தால் அந்தப் பக்க சீல் போயிருக்கிறது. இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் ரப்பரால் அடைத்து, கைப்பம்பால் 0.4 பார் காற்று ஏற்றிச் சோப்பு நீர் தடவினால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். பம்பின் அழுத்தமானி முள் சில நிமிடம் அசையாமல் நின்றால் சீல்கள் நன்றாக இருக்கின்றன, அதன் பிறகு ஸ்லோ ஜெட்டில் கை வைக்கலாம்.