'காஸ்ட் எஃபெக்டிவ்' என்றால் சிக்கனமா?

'நோய்த் தடுப்புக்கு அரசு செலவிடுவது சிக்கனமானது' என்ற வரியை இன்னும் எத்தனை மொழிபெயர்ப்பில்தான் படிப்பது! மூலத்தில் இருப்பது 'காஸ்ட் எஃபெக்டிவ்'. காஸ்ட் செலவு, எஃபெக்டிவ் 'செய்து முடி' என்னும் லத்தீன் வினையின் வழி வந்தது. போட்ட செலவுக்குத் தகுந்த பயன் கிடைக்கிறது என்பதோடு சரி, பணம் மிஞ்சும் என்று அதில் எங்கும் இல்லை.

சிக்கனம் வேறு. 'சிக்கென' என்பதோடு உறவுள்ள சொல், கையை இறுக்குவது. செலவைத்தான் பார்க்கும், பயனைப் பார்க்காது. பணம் மிஞ்சுவதற்குப் பொருளியலில் 'காஸ்ட் சேவிங்' என்று தனிச்சொல்லே உண்டு, இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாசகர் என்ன செய்வார்? புற்றுநோய்ப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலரிடம் நோயைக் கண்டுபிடிக்க நோயே இல்லாத ஆயிரக்கணக்கானோரைச் சோதிக்க வேண்டும், சந்தேகம் வந்தவர்களுக்கு மறுசோதனை வேறு, இவ்வளவும் சேர்ந்தால் தவிர்த்த சிகிச்சைச் செலவைப் பெரும்பாலும் தாண்டிவிடும். ஆனால் உயிர் பிழைக்கிறார்களே, அதற்குத்தான் அந்தப் பணம். 2008-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் அலசலில், பணத்தை மிச்சப்படுத்திய தடுப்பு முறைகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிகிச்சைகளிலும் ஏறத்தாழ அதே கதைதான்.

மிச்சம் தருபவையும் உண்டு, குழந்தைகளுக்கான தடுப்பூசிகள் பல அப்படி. பெரியம்மை ஒழிந்ததாக 1980-இல் அறிவித்த பிறகு அந்தத் தடுப்பூசியே தேவைப்படாமல் போனது, அதைவிட என்ன மிச்சம் வேண்டும்? அதற்காக எல்லாத் தடுப்பையும் சிக்கனம் என்று எழுதிவைத்தால், நாளைக்கு நிதித்துறை 'மிச்சம் எங்கே' என்று கேட்கும்போது நல்ல திட்டமும் தோற்றதுபோல் நிற்கும். இதய அறுவைச் சிகிச்சையிடம் யாரும் மிச்சம் கேட்பதில்லை, தடுப்பிடம் மட்டும் கேட்க வைத்ததில் இந்த மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு.

'செலவுத்திறன்மிக்க' என்று இன்னொன்று உலவுகிறது. செலவுக்கு ஏதய்யா திறன்? தனித்தமிழாக இருந்தால் போதுமா, புரிய வேண்டாமா?

'செலவுக்கேற்ற பயன்தரும்' என்று நீட்டியே எழுதலாம். 'செலவுப் பயன்' என்று சுருக்க முடியாது, அது ஏற்கெனவே 'காஸ்ட் பெனிஃபிட்' பக்கம், அதாவது பயனையும் பணமாக்கிச் செலவோடு ஒப்பிடும் கணக்கின் பக்கம், போய்விட்டது. பணம் மிஞ்சினால் 'மிச்சம் தரும்'. சிக்கனத்தை வீட்டுக் கணக்குக்கு விட்டுவிடுங்கள்.