பேதி உப்பு விழுங்கும் சத்தம்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகன் துபாயில் வேலை செய்கிறான். ஆமதாபாத் விபத்துக்குப் பிறகு அவன் விமானம் ஏறினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த விமானம் ஊருக்குள் விழுந்தது, கருப்புப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். நடுக்கடலில் விழுந்தால் எப்படித் தேடுவார்கள்?"

பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே கூட்டமாகப் போய்ப் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம். இருந்தாலும் கடலைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

கருப்புப் பெட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், ஒன்று பறப்பின் விவரங்களைப் பதியும், இன்னொன்று விமானிகளின் பேச்சைப் பதியும் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதோடு சேர்த்துப் பொருத்தியிருக்கும் ஒரு சின்ன உருளையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அதைப் பிங்கர் என்பார்கள். அதற்கு யாரும் சுவிட்ச் போட வேண்டியதில்லை. வெளியே தெரியும் முனைக்கும் உருளையின் உடம்புக்கும் இடையில் தண்ணீர் பட்டதும் மின்சுற்று முழுமையாகி, உள்ளே இருக்கும் பீங்கான் வளையம் அதிரத் தொடங்கும். நொடிக்கு ஒரு முறை 'டிக்'. அதிர்வெண் 37.5 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் பக்கத்தில் நீந்தினாலும் நமக்குக் கேட்காது. பேட்டரி முன்பெல்லாம் 30 நாள் தாங்கினால் போதும் என்றிருந்தது. 2014இல் மலேசிய விமானம் எம்எச்370 காணாமல் போன பிறகு 90 நாள் என்பது விதியானது.

ஏன் ரேடியோ வைக்கவில்லை? உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ரேடியோ அலை சில மீட்டருக்குள்ளேயே செத்துவிடும். மிச்சம் இருப்பது ஒலிதான். கடலில் அது நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும்.

ஆனால் ஒலியையும் உப்பு விடுவதில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒலியைத் தின்பது நாம் சோற்றில் போடும் உப்பு இல்லை. அதற்கு இதில் பங்கே கிடையாது என்று சொல்லலாம். குற்றவாளி மக்னீசியம் சல்பேட், அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் பேதி உப்பு. கடலில் அது கொஞ்சம்தான் இருக்கிறது. மக்னீசிய அயனியும் சல்பேட் அயனியும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை என்பதால் அவற்றில் ஒரு பகுதி நடுவே ஓரிரு நீர் மூலக்கூறுகளை வைத்துக்கொண்டு ஜோடியாகத் திரியும். ஒலி அலை வரும்போது தண்ணீரில் அழுத்தம் கூடிக் குறையும். கூடும்போது சில ஜோடிகள் பிரியும், குறையும்போது மறுபடி சேரும். பிரியவும் சேரவும் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் அலை அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். வாங்கிய ஆற்றலைச் சரியான நேரத்தில் அலைக்குத் திருப்பித் தர முடியாமல் போவதால் அது வெப்பமாகி வீணாகிறது. 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மிஞ்சும். இரண்டு கிலோமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒலி பரவிப் பரவி நீர்த்துப்போவது தனிக் கணக்கு.

அலை மெதுவாக அதிர்ந்தால் அயனிகள் அதோடு ஈடுகொடுத்துப் பிரிந்து சேர்ந்துவிடும், இழப்பும் குறையும். அதனால்தான் நீண்ட கடல் பயணம் போகும் பெரிய விமானங்களின் உடலில் 8.8 கிலோஹெர்ட்ஸ் பிங்கர் ஒன்றையும் வைக்கச் சொல்கிறார்கள். அதில் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் வீணாகும்.

ஆக, நாலு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் 37.5 கிலோஹெர்ட்ஸ் பிங்கரைக் கப்பலின் மேல்தட்டிலிருந்து கேட்பது நடக்கிற காரியமில்லை. கேட்கும் கருவியை நீண்ட கம்பியில் கட்டி, ஆழத்தில் இறக்கி, ஆள் நடக்கும் வேகத்தில் இழுத்துப் போக வேண்டும். கிணற்றில் விழுந்த குடத்துக்குப் பாதாளக்கரண்டி விட்டுத் துழாவுவது போலத்தான். என்ன, எந்தக் கிணறு என்று தெரியாது!

2015 ஜூனில் நம் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் கடலில் மறைந்தபோது சிந்துத்வஜ் நீர்மூழ்கி இந்தச் சத்தத்தைப் பிடித்தது. ஒரு மாதம் சொச்சத்தில் பதிவுக்கருவி வெளியே வந்துவிட்டது. அடுத்த வருடம் ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. அதில் 29 பேர் இருந்தார்கள். சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது 2024 ஜனவரியில்தான். கண்டுபிடித்தது பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி.

அந்த நீர்மூழ்கி 2016இலேயே நம்மிடம் இருந்திருந்தால்? ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்க 2021 ஆகிவிட்டது. ராக்கெட் விட்டால் தெருவெல்லாம் பட்டாசு. பள்ளிக்கரணை என்றால் குப்பைமேடு ஞாபகம் வருகிறவர்கள்தான் அதிகம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

பிங்கர் கேட்காததும் ஒரு தகவல்தான். 2009 ஜூன் 1 அன்று 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447ஐத் தேடியவர்கள், சத்தம் கேட்காத பகுதிகளை முதலில் கணக்கில் தள்ளிவைத்தார்கள். பிறகு, இரண்டு பிங்கர்களும் ஊமையாகியிருந்தால் என்று வைத்து நிகழ்தகவைத் திரும்பப் போட்டார்கள். 2011இல் ஒலியை அனுப்பிக் கடலடியைத் துழாவும் சோனார் ரோபோக்கள் சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவைக் கண்டன. ஈராண்டு கடலில் கிடந்த நினைவகத்தையும் படிக்க முடிந்தது. வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள் அடைத்ததும், தானியங்கி ஓட்டம் விலகியதும், விமானிகள் குழம்பி மூக்கை உயர்த்தியதும் அப்படித்தான் தெரியவந்தன. அந்தப் பிட்டோ குழாய்களை மாற்றினார்கள், விமானிகளின் பயிற்சியும் மாறியது.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருவோம். 2024இல் உலகம் முழுக்க நான்கு கோடிக்கு மேல் விமானப் பறப்புகள். உயிர்ப்பலி வாங்கிய விபத்துகள் ஏழு. அஷ்டமி, ராகு காலம் பார்த்து டிக்கெட்டை மாற்றினால் பணம்தான் போகும். கவலைப்பட்டே ஆக வேண்டும் என்றால், மகன் விமான நிலையத்துக்கு ராத்திரி நேரத்தில் வாடகைக் காரில் ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகப் போகிறாரே, அந்த நெடுஞ்சாலையை நினைத்துக் கவலைப்படுங்கள். டிரைவர் தூங்கியிருக்கிறாரா, பின்சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.