துணைவேந்தர் மேசையில் கோப்பு ஏன் தேங்குகிறது?

ஆய்வகத்தில் மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் கருவியின் மோட்டார் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாற்றச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். துறைத் தலைவர் குறிப்பு எழுதுகிறார். கோப்பு டீன், கொள்முதல் பிரிவு, நிதி அலுவலர், பதிவாளர் என்று மேசை மேசையாக ஏறி, கடைசியில் துணைவேந்தரின் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறது. அதற்குள் ஆராய்ச்சி மாணவரின் மாதிரிகள் கெட்டுப்போகின்றன. இதற்கு யாருடைய சோம்பலும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒரே மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங், அழைப்புகளின் வருகை பற்றி 1909-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு வளர்ந்தது அங்கிருந்துதான். அதை நம் மேசையில் பொருத்திப் பார்க்கலாம்.

ஒரு கோப்புக்குச் சராசரியாக 5 நிமிடம், ஒரு நாளில் அதிகபட்சம் 100 கோப்பு. வருவது 95 என்றால் போதும்போலத் தோன்றும். ஆனால் கோப்புகள் அளந்து வைத்தாற்போல வருவதில்லை. காலையில் ஒன்றுமில்லை, மதியம் ஒரு கட்டு. காலையில் வீணான நேரத்தை மதியத்துக்குச் சேர்த்து வைக்கவும் முடியாது. அதனால், வருகையும் வேலைநேரமும் தற்செயலாக ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்ளும் எளிய கணக்குப்படி, ஒரு கோப்பு மேசைக்கு வந்து திரும்பச் சராசரியாக 100 நிமிடம் ஆகிறது (500 நிமிட வேலைநாளை, மிச்சமிருக்கும் 5 கோப்புக்கான இடத்தால் வகுத்தால் வருவது). 99 கோப்பு வந்தால் அதுவே 500 நிமிடம், அதாவது முழு வேலைநாள். சரி, 15 கோப்பை மட்டும் டீனே முடிக்கட்டும் என்று விட்டு, 80 ஆக்கினால்? வெறும் 25 நிமிடம்! ஆறில் ஒரு பங்குகூட இல்லை விட்டுக்கொடுத்தது, தாமதமோ நாலில் ஒன்றாகிவிடுகிறது. அதிகாரத்தைப் பகிர்ந்தால் பதவியின் கனம் குறைந்துவிடும் என்று தயங்குபவர்களிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

ஆனால் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டால் அதிகாரம் கைமாறிவிடாது. மகாராஷ்டிரத்தின் மரத்வாடா பல்கலைக்கழகத்தில் துணைப் பதிவாளர் ஒருவரைத் துணைவேந்தர் பணிநீக்கம் செய்தார். சட்டப்படி அந்த அதிகாரம் நிர்வாகக் குழுவுடையது. குழு பின்னால் அதற்கு ஒப்புதலும் அளித்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் ஓர் அமைப்புக்குக் கொடுத்த அதிகாரத்தை அந்த அமைப்புதான் பயன்படுத்த வேண்டும். வேறொருவர் பயன்படுத்த வேண்டுமானால் முறைப்படி ஒப்படைத்திருக்க வேண்டும், அப்படி ஒப்படைக்கச் சட்டத்திலும் இடமிருக்க வேண்டும் என்றது. இல்லாத அதிகாரத்தில் செய்ததைப் பிறகு ஒப்புதல் கொடுத்துச் சரியாக்க முடியாது. அதனால்தான் எந்த வகைச் செலவு, எத்தனை ரூபாய் வரை, யார் கையெழுத்து என்று ஆணையில் எழுதியிருக்க வேண்டும். இது சிவப்பு நாடா அல்ல. நாளைக்குக் கேள்வி வந்தால் டீனைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

அப்புறம், தாளில் இருந்தும் நடக்காமல் போவதுண்டு. பொருளியலாளர்கள் பிலிப் அகியோனும் ஜான் திரோலும் 1997-ல் இதை ஆராய்ந்து, பெயரளவு அதிகாரம், உண்மை அதிகாரம் என்று பிரித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போடுவது மேலிருப்பவராக இருந்தாலும், விவரம் தெரிந்தவர் சொல்வதே பெரும்பாலும் முடிவாகிறது. எந்த மோட்டார் உழைக்கும் என்று ஆய்வகத்தில் நிற்பவருக்குத்தானே தெரியும்? முடிவு தன் கையில் என்று நம்பினால் அவர் நாலு கடை விசாரித்து விவரம் சேர்ப்பார். எப்படியும் மேலே மாற்றிவிடுவார்கள் என்றால் எதற்கு மெனக்கெட வேண்டும்?

டீன் எடுத்த முடிவு இரண்டு முறை மேலிருந்து ரத்தாகிவிட்டால், மூன்றாவது முறை அவர் முடிவெடுக்க மாட்டார். அதிகாரம் அவரிடமே இருக்கும்; ஆனால் கோப்பில் "தங்கள் மேலான ஆணைக்கு" என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார். துணைவேந்தர் மேசையில் 80 மறுபடி 95 ஆகிவிடும்.